எழுத்துல குடுங்க, சார்

நாவலூரில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஒரு திங்கட்கிழமை காலை பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் வேலைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் அது. விண்ணப்பித்தவர்களோடு போனில் ஆங்கிலத்தில் பேசிப் பார்த்து, யார் சரளமாகப் பேசுகிறார்கள் என்று குறித்துக் கொடுப்பது என் வேலை. முதலாளியின் போன் அணைந்திருந்தது. மீதியை டிவி செய்தியில்தான் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து போனவர்களின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஏதோ ஒரு கட்டடத்தில் அடைத்துவைத்து, இணையத்தில் ஊரை ஏமாற்றும் வேலையை அடித்துச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

என்னோடு பேசிய குரல்கள் எல்லாம் காதுக்குள் ஓடின.

சில நாட்கள் கழித்து, கூடுவாஞ்சேரி வீட்டில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மத்திய அரசின் விசாரணை அமைப்பு என்றார் பேசியவர். நாளைக் காலையில் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டுமாம். பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டேன்.

"மோசடிக் கும்பலா இருக்கும். மறுபடி எடுக்காத" என்றார் கணவர். கல்பாக்கத்தில் அவரோடு வேலை செய்பவர் ஒருவரை, அதிகாரி வேஷத்தில் எவனோ வீடியோ காலிலேயே சிறைவைத்து மிரட்டிய கதை எங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஆள் என் பழைய அலுவலகத்தின் பெயரைச் சரியாகச் சொன்னாரே?

செங்கல்பட்டு கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் என் கல்லூரித் தோழியைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி, அழுதுகினு கீற?" என்றாள். "போலியோ அசலோ, நீ சொல்ல வேண்டியது ஒண்ணுதான். எழுத்துல குடுங்கன்னு கேளு. போலின்னா அத்தோட ஓடிப்பூடுவான். அசல்னா நோட்டீஸ் வரும்."

"அப்ப நான் சென்னைக்குப் போகணுமா?"

"சாட்சியா விசாரிக்கிறதுக்குப் பொம்பளைய ஆபீசுக்கு வரச் சொல்லி கட்டாயப்படுத்த முடியாது. வூட்டாண்ட வந்துதான் கேக்கணும். சட்டத்துலயே கீது."

மறுபடி போன் வந்தபோது எழுந்து நின்றுகொண்டு பேசினேன். "எழுத்துல குடுங்க, சார். நான் பதில் சொல்றேன். ஆனா எங்க வீட்டுல வச்சுக் கேளுங்க." அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். "சரிங்க மேடம், அனுப்புறோம்" என்றார். அவ்வளவுதான்.

நோட்டீஸ் வந்தது. உள்ளூர்க் காவல் நிலையக் காவலர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். அசல்தான் என்று தெரிந்த பிறகு பயம் இரண்டு மடங்கானது. "வெளிநாடு போறதுக்கு முன்னால உன்கிட்ட கேட்டாளே, அந்தப் பொண்ணோட மெசேஜை எல்லாம் அழிச்சுடு. வம்பு வேண்டாம்" என்றார் கணவர்.

அந்தப் பெண் எங்கள் அலுவலகம் வழியாகப் போனவள்; மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியைச் சேர்ந்தவள். அவளுடைய பெற்றோர் ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். கிளம்புவதற்கு முன் எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "அக்கா, அங்க சேஃப்தானே? வூட்ல பயந்துகினு கீறாங்கோ." எனக்கு அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது, நன்றாக விசாரித்துவிட்டுப் போ என்று பதில் போட்டிருந்தேன். போய்ச் சேர்ந்த அன்று, தங்கியிருக்கும் இடத்தை மேப்பில் குறித்து அனுப்பினாள். அதன் பிறகு ஒரு செய்தியும் இல்லை.

அழிக்கட்டுமா என்று தோழியிடம் கேட்டேன். போனிலேயே கத்தினாள். "ஒண்ணைக் கூடத் தொடாத! அழிச்சாதான் நீ குத்தவாளி. தெரிஞ்சத சொல்லு, தெரியாதத தெரியாதுன்னு சொல்லு. உன்னையே மாட்டிவிடுற மாதிரி கேள்வி வந்தா, பதில் சொல்ல மாட்டேன்னு சொல்ல உனக்கு உரிமை கீது. பொய் மட்டும் சொல்லாத."

ஓர் ஆண் அதிகாரியும் ஒரு பெண் அதிகாரியும் வந்தார்கள். அடையாள அட்டையைக் கேட்டேன். இருவரும் எடுத்துக் காட்டினார்கள். தோழி கண்ணுக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டாள். நடுவில் பேசக் கூடாது என்றார்கள். அவளும் பேசவில்லை.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அந்தப் பெண்ணின் மெசேஜ்களையும் காட்டினேன். கடைசியில் ஆண் அதிகாரி லேப்டாப்பில் ஆங்கிலத்தில் அடித்திருந்ததைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் பொறுமையாகவே படித்தார். நான்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஒரு வரி இருந்தது.

"இல்ல சார். நான் தேர்ந்தெடுக்கல. பேச வச்சுப் பார்த்தேன். யாரை அனுப்புறதுன்னு முடிவு பண்ணது முதலாளி."

அவர் பெண் அதிகாரியைப் பார்த்தார். அந்த அம்மா தலையாட்டினார். வரி மாறியது. அந்த ஒரு சொல்லில் நான் சாட்சியா குற்றவாளியா என்பதே மாறியிருக்கும். விசாரணையில் சொன்னதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்று தோழி சொல்லியிருந்தாள். அவர்களும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றபோது, எடுத்துக்கொண்டதை எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தந்தார்கள். கிளம்பும்போது, அந்தப் பெண் மேப்பில் குறித்து அனுப்பிய இடம் ரொம்ப உதவும் என்றார் பெண் அதிகாரி.

சில மாதங்களில் கொஞ்சம் பேர் ஊர் திரும்பினார்கள். மாமல்லபுரத்துப் பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, என்னிய விசாரிக்கணுமாம். அங்க அடிச்சாங்கன்னு நானும் நாலு பேர ஏமாத்திக்கிறேன். என்னிய புடிச்சுனு போயிடுவாங்களா?"

போனில் ஆறுதல் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை அது. நானும் தோழியும் அவள் வீட்டுக்கே போனோம். கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்தது வீடு. தோழி அவளை எதிரே உட்காரவைத்து, எதைச் சொல்லலாம், எங்கே பேசாமல் இருக்கலாம், எப்போது வக்கீலைக் கேட்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவளுக்காகத் தானே ஆஜராவதாகவும் சொன்னாள். அந்தப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். கேட்கக் கேட்க அவளுடைய முதுகு நிமிர்ந்தது.

விசாரணை அவள் வீட்டிலேயே நடந்தது. அன்று தோழியோடு நானும் போயிருந்தேன். அவள் ஒளிக்காமல் பேசினாள். ஓரிடத்தில் மட்டும், "இதுக்கு வக்கீல் அக்காவக் கேட்டுக்கினு சொல்றேன் சார்" என்றாள். அதிகாரி அடுத்த கேள்விக்குப் போனார். வழக்கில் அவளைச் சாட்சியாகத்தான் சேர்த்தார்கள்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் வேலை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எங்கள் இருவருக்கும் அனுப்பினாள். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "படிச்சுட்டு சொல்லுங்கக்கா. அப்பால தான் கையெழுத்து."