பாய்மரத்தில ஏற முன்னம்

எழுபதுகளில மெல்பேர்ன் ஆற்றோரத்தில ஒரு பழைய பாய்க்கப்பல் கிடந்தது. கனகாலம் நிலக்கரி ஏத்திக் கிடந்து துருப்பிடிச்ச இரும்புக் கப்பல். அதைத் திருத்தி அருங்காட்சியகமாக்கவெண்டு கொஞ்சப் பேர் சனிக்கிழமையளில சம்பளமில்லாமல் வேலை செய்தினம். என்ர மனுசன் ஒராளைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர். கிழமை முழுக்க இவர் கந்தோரில எஞ்சினியர். சனி பின்னேரம் வீட்டுக்கு வாறது ஒரு கரிப்பேய்.

ஒருநாள் காலமை, கப்பியொண்டு பூட்டப் பாய்மரத்தில ஏறவேணும் எண்டார். ரெண்டு தென்னை உயரம், கயிற்றேணியில. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"அந்தத் துருப்பிடிச்சதையே கட்டியிருக்கலாமே, என்னை ஏன் கட்டினனீங்கள்?"

மனுசன் சப்பாத்தைக் கொழுவினார். "நான் போறன்" எண்டார். கதவை அடிச்சுச் சாத்திக்கொண்டு போட்டார்.

எங்கட ஆக்கள் வெளிக்கிடேக்க அப்பிடிச் சொல்லமாட்டினம். "போட்டு வாறன்" எண்டுதான் சொல்லுவினம். வீட்டில நிக்கிறவை "ஓம், போட்டு வாங்கோ" எண்டு சொல்லவேணும். வெறும் "போறன்" எண்டு போனவர் திரும்பி வரமாட்டார் எண்டு பயம். அதுவும் மரத்தில ஏறப்போற அண்டைக்கு! புட்டு அவிஞ்ச அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, வீட்டுக்குக் கிட்ட, கிளேட்டனில ரயில் பிடிச்சன். ஏறவிடாமல் மறிச்சு, ஆளைக் கையோட கூட்டிக்கொண்டு வாறதுதான் எண்ணம்.

போய்ப் பார்த்தால் இவர் கப்பல் தட்டில ஒரு பெட்டிக்கு மேல குந்திக்கொண்டிருக்கிறார். "வந்த நேரம் தொடக்கம் ஏணியைப் பிடிக்கிறார், விடுறார். சுகமில்லையோ?" எண்டு மேற்பார்வையாளர் என்னட்டைக் கேட்டார்.

என்னைக் கண்டதும் மனுசன் துள்ளி எழும்பினார். "அப்பாடா, வந்திட்டீரே!" ஒரு காலை ஏணியில வைச்சார். "போட்டு வாறன்."

கடவுளே, மறிக்க வந்தவளெல்லோ நான்!

ஓடிப்போய் அவரின்ர சேட்டு நுனியைப் பிடிச்சன். நான் மறுமொழி சொல்லாமல் அவர் ஏறமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். சுத்தியலுகளை வைச்சிட்டு எல்லாரும் எங்களைப் பார்க்கினம். மானம் கப்பலேறினதெண்டால் அண்டைக்குத்தான்.

"சொல்லுமனப்பா," எண்டார் மெதுவா. "சொல்லாட்டி எனக்குக் கால் எழும்பாது."

முகத்தில கோவமில்லை. பயம் இருந்தது, அதைவிட ஆசை கூட இருந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது.

"ஓம், போட்டு வாங்கோ" எண்டன்.

வாய்தான் சொன்னது. கை அவரின்ர சேட்டு நுனியை விடேல்லை.