சியூலுவானின் கவுன்சிலரம்மா

தலையில் நுரையைக் கோபுரமாக எழுப்பிய பிறகுதான் சியூலுவான் ஊர்க்கதைக்கே வருவாள். அதற்கு முன் பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. நாற்காலியில் நம்மை நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு என்று மாறி மாறி விட்டு, ஒரு சொட்டுகூடக் கழுத்தில் வழியாமல் தேய்ப்பாள். நுரை ஒரு சாண் உயரம் நின்றதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "ம், இப்ப கேளு டீச்சர்" என்பாள். கேட்காமல் என்ன செய்வது? நுரையோடு எழுந்து ஓடவா முடியும்?

வயது ஐம்பத்தாறு. தைவானில் யீலான் என்ற எங்கள் ஊரில், எங்கள் சந்தின் முனையில் மூன்று நாற்காலி போட்ட பார்லர். வருகிறவர் பள்ளி முதல்வராக இருந்தாலும் 'வா, போ'தான். "தலை என் கையில இருக்கிற வரைக்கும் எல்லாரும் எனக்குக் கொழந்தைங்கதான்" என்பது அவள் சட்டம். கை தாராளம். நுனியில் லேசாகச் சுருள் வைக்கச் சொன்னால் வேர்வரை சுருட்டிவிடுவாள். ஒரு கிண்ணம் சூப் கேட்டால் சட்டியோடு கொடுத்தனுப்புவாள். வாய் அதைவிடத் தாராளம். அந்த வாயால்தான் இந்த வருடம் மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய வாத்தைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. பூசணிப் பிஞ்சு அளவில் ஒரு வெள்ளை வாத்து. மகள் வெளியூரில் படித்தபோது ஆசையாக வாங்கி, வாடகை அறையின் சொந்தக்காரர் திட்டியதும் அம்மா தலையில் கட்டிவிட்டுப் போனது. தினமும் காலையில் சந்தில் இருக்கும் ஆறு கடைகளுக்கும் ஏறி இறங்கும். ஒவ்வொரு வாசலிலும் நின்று உரத்த குரலில் கருத்துச் சொல்லும். ஒரு காரியமும் நடக்காது. அதனால் அதற்குக் கவுன்சிலரம்மா என்று பெயர் வந்தது. எங்கள் வட்டத்தின் நிஜக் கவுன்சிலர் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள அங்கேதான் வருவார். அவரே ஒருநாள், "நான் நாலு வருஷத்துக்கு ஒரு தடவதான் வீடு வீடாப் போறேன். இவ தெனம் போறா. அடுத்த தடவ இவளையே நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்.

யீலானில் வாத்து என்றால் புகை போட்டு, மெலிதாக அரிந்து, பூண்டுத்தாளோடு தட்டில் வருவது. சியூலுவானும் வாரம் இரண்டு தடவை முனைக்கடையில் வாத்துக்கறி நூடுல்ஸ் சாப்பிடுகிறவள்தான். கவுன்சிலரம்மா வாசலில் காத்திருக்கும். "மனசு உறுத்தலையா அக்கா?" என்று கேட்டால், "அது வேற, இது வேற. உன் பசங்களும் பக்கத்து ஸ்கூல் பசங்களும் ஒண்ணா?" என்பாள்.

விபத்து நடந்தது மார்ச் மாதம், ஒரு மழை மதியம். மேலே ஏறி இறங்கும் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். சியூலுவான் காலால் மிதியை அழுத்தினாள். நாற்காலி இறங்கியது. அதன் கால்பலகைக்கு அடியில் கவுன்சிலரம்மா தூங்கிக்கொண்டிருந்ததை இருவருமே பார்க்கவில்லை. அப்படி ஒரு அலறலை அந்தச் சந்து கேட்டதில்லை. மிதித்தது அவள் கால். இறங்கியது என் எடை. இதை அவள் ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு மாதம் நான் இரவுச் சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

ஊரில் இருந்த மாட்டு, கோழி டாக்டருக்குப் போன் போட்டாள்.

"வாத்தா? எத்தன ஆயிரம்?"

"ஒண்ணு."

"ஒண்ணா?" என்று சிரித்தார் அவர். "ஒண்ணுன்னா சட்டியில போட வேண்டியதுதானம்மா."

"உன்னத் தூக்கிப் போடுறேன்டா சட்டியில" என்று போனை வைத்தாள். கவுன்சிலரம்மாவை ஒரு துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு தைப்பேய்க்கு பஸ் ஏறினாள். நானும் கூடப் போனேன். மலைக்குள் போகும் அந்த நீண்ட சுரங்கப் பாதை முழுக்க அவள் பைக்குள் கையை விட்டபடியே இருந்தாள்.

பறவை டாக்டர் சின்னப் பெண். இடது கால் எலும்பு முறிந்திருக்கிறது என்று படத்தைக் காட்டினாள். மூன்று வாரம் கட்டு. ஒரே பக்கமாகப் படுத்தால் நெஞ்சில் புண் வரும், அதனால் மாற்றி மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கட்டுப் பிரித்ததும் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காலை அசைக்க வேண்டும். "அஞ்சு வாரத்துக்குள்ள தானா எழுந்து நின்னுட்டா பயமில்ல. நிக்கலன்னா..." என்று நிறுத்திவிட்டுக் குனிந்து மருந்துச் சீட்டு எழுதினாள். சியூலுவான் மீதியைக் கேட்கவில்லை.

பார்லர் ஆஸ்பத்திரி ஆனது. மூன்றாவது நாற்காலி கவுன்சிலரம்மாவின் கட்டில். சுருள் வைக்கும்போது வாடிக்கையாளர் கழுத்தில் மாட்டும் பஞ்சு வளையம் அதற்கு மெத்தை. இரண்டு மணிக்கொரு தடவை கையில் இருக்கும் தலையை அப்படியே விட்டுவிட்டுப் போய் அதைத் திருப்பிப் படுக்கவைப்பாள். முதல் வாரம் அது எதையுமே தொடவில்லை. பட்டாணியை வேகவைத்து, ஒவ்வொன்றாகத் தோலுரித்து, அலகுக்கு முன்னால் நீட்டியபடி அரை மணி நேரம் நிற்பாள். அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "கோவமா இருக்கா" என்பாள். சொல்லிவிட்டு அடுத்த பட்டாணியை உரிப்பாள்.

கணவர் தேஷெங் கான்கிரீட் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனிதர். அவரே ஒருநாள் வாய் திறந்தார். "எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் பண்ணினப்ப ஒரு ஆப்பிளாவது தோல் சீவிக் குடுத்தியா?"

"உனக்கு நெலைக்கதவு மாதிரி பல்லு இருக்கு. அவளுக்கு இருக்கா?"

அந்த முதல் வாரத்தின் கடைசி நாளில்தான் சந்து முனையில் இருக்கும் எங்கள் காவல் சாமி பூமித் தாத்தாவின் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். திரும்பி வந்த அன்றே கவுன்சிலரம்மா மூன்று பட்டாணி தின்றது. "பாத்தியா? தாத்தா காதுல விழுந்துடுச்சு" என்று எல்லோரிடமும் சொன்னாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

கட்டுப் பிரித்ததும் நீச்சல் தொடங்கியது. தலை அலசும் பேசின்தான் குளம். வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிரப்பி, வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, இன்னொரு கையால் அந்தக் காலைப் பிடித்து, "ஒண்ணு... ரெண்டு... மிதி ராசாத்தி, மிதி" என்பாள். நாங்கள் நுரையும் தலையுமாக வரிசையில் காத்திருப்போம். பிறகு அதே பேசினில், நன்றாகக் கழுவிய பிறகுதான், எங்கள் தலை. ஒரு தடவை வங்கி மேலாளரம்மாவின் காதுக்குள்ளிருந்து ஒரு இறகு வந்தது. "வேற கடைக்குப் போறதுன்னா போ" என்றாள் சியூலுவான். யாரும் போகவில்லை. யார் வந்தாலும் வணக்கத்துக்குப் பதிலாக, "நின்னாளா?" என்றுதான் கேட்டார்கள்.

ஐந்தாம் வாரம், கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, நின்றாள். பேசினிலிருந்து எடுத்துத் தரையில் விட்டதும் இரண்டு இறக்கையையும் விரித்து, ஆடி, இடது காலை ஊன்றி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தாள். பார்லரே கத்தியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் எடைக்கு அன்றுதான் மன்னிப்புக் கிடைத்தது.

சியூலுவானின் கை என் தலையில் நாட்டியமாடியது. நுரை அன்று இரண்டு சாண். "பதினாறாம் தேதி கோயில்ல படையல் டீச்சர்! நீயும் வரணும். என்ன, ஏதுன்னு இல்ல, அஞ்சு வகைப் படையல் வேண்டியிருக்கேன்."

"ஒரு வாத்துக்கு அஞ்சு வகையா? மூணு போதாதா அக்கா?"

"மூணுன்னா கஞ்சத்தனம். மக பரீட்சைக்கு அஞ்சு வச்சேன். இந்த மனுஷன் பித்தப்பைக்கு அஞ்சு வச்சேன். இவளுக்கு மட்டும் கொறைக்கவா?" நுரைக் கையால் விரல் மடக்கினாள். "பன்னி ஒண்ணு. முழுக்கோழி ஒண்ணு. மீனு. கணவா. அப்பறம்..."

ஐந்தாவது விரல் மடங்கவில்லை. கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. ஐந்து வகைப் படையலில் கோழிக்குப் பக்கத்தில் எது இருக்கும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும்.

"வாத்து" என்றாள், காற்றே வராத குரலில். வாத்தின் கால் குணமாக ஒரு வாத்தைப் படைக்கிறேன் என்று வேண்டிவிட்டு வந்திருக்கிறாள். நாலு வாரமாக அது அவள் புத்தியில் படவில்லை. வாய் பழக்கத்தில் போயிருக்கிறது. என் நெற்றியில் நுரை வழிந்தது. நான் அவளிடம் வரும் இந்தப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

"முனைக்கடையில ஒண்ணு வாங்கி வச்சிடு அக்கா. தாத்தாவுக்கு என்ன தெரியப்போகுது."

"அவ கண்ணு முன்னாடியா?" என்றாள். அப்போதுதான் கவனித்தேன். விபத்துக்குப் பிறகு அவள் முனைக்கடைப் பக்கமே போகவில்லை.

மறுநாள் மதியமே கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனோம். கோயிலைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் ஜின்ஃபா முன்பு பஸ் ஓட்டியவர். விஷயத்தைக் கேட்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "வேண்டினது வேண்டினதுதான். செய்யாம விட்டா, குடுத்த காலைத் திருப்பி வாங்கிக்குவாரு. வேணும்னா மாத்திக்கலாமான்னு அவரையே கேளு" என்று பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் எடுத்து நீட்டினார். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற விழுந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார்.

சியூலுவான் முட்டி போட்டாள். "தாத்தா, வாத்துக்குப் பதிலா ரெண்டு மீன் வைக்கட்டுமா?" இரண்டும் குப்புற.

"மாவுல வாத்து செஞ்சு வைக்கட்டுமா? அலகு, இறக்க எல்லாம் வச்சு?" இரண்டும் மல்லாந்தன. சிரிக்கிறார்.

"முட்டை?" மறுபடியும் சிரிப்பு. ஜின்ஃபாவும் கூடச் சிரித்தார்.

எட்டு தடவை கேட்டாள். எட்டும் இல்லை அல்லது சிரிப்பு. ஒன்பதாவது தடவை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "பின்ன என்னதான் பண்ணச் சொல்ற? அவளையே கொண்டுவந்து உயிரோட உன் முன்னாடி நிறுத்தட்டுமா?" என்று கட்டைகளை வீசினாள்.

ஒன்று தட்டை, ஒன்று வளைவு.

அவளுக்கு உதடு வெளுத்துவிட்டது. மறுபடி போட்டாள். சம்மதம். மூன்றாவது தடவையும் அதேதான். மூன்று தடவை தொடர்ந்து விழுந்தால் அதற்கு மேல் பேச்சில்லை.

"அப்பாடா, சுலபமாப் போச்சே" என்றேன்.

"என்ன சுலபம்? நிறுத்துறேன்னு சொல்லியிருக்கேன். ஊதுபத்தி எரிஞ்சு முடிய முக்கால் மணி நேரம். இவ டிவில ஒரு விளம்பரம் முடியிற வரைக்கும்கூட நிக்கமாட்டேங்கிறா. நின்னாதானே கால் வந்துடுச்சுன்னு அர்த்தம்? படுத்துட்டா, மத்த நாலு மாதிரிதான் இதுவும் ஆயிடும்." சொல்லும்போதே அழுதாள். சிரிக்க வாயெடுத்த ஜின்ஃபா குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பதினாறாம் தேதி வரைக்கும் பார்லரில் பயிற்சி நடந்தது. பட்டாணியை உயரத்தில் காட்டுவாள். அது எழும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நாலு. அதற்கு மேல் தாங்கவில்லை.

அன்று தூறல். படையல் மேஜையில் பன்றி இறைச்சி, வேகவைத்த முழுக்கோழி, மீன், கணவாய். கோழிக்கும் மீனுக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தில் ஒரு துண்டை விரித்துக் கவுன்சிலரம்மாவை நிறுத்தினாள். ஊதுபத்தி ஏற்றினாள். பாதிச் சந்து பின்னால் நின்றது. நிஜக் கவுன்சிலரும் வந்திருந்தார். சியூலுவான் இரண்டு கைகளையும் வாத்தின் இருபுறமும், தொடாமல், குவித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐந்தாம் நிமிடம் கவுன்சிலரம்மா உட்கார்ந்துவிட்டது. "எழும்புடி" என்றாள் மூச்சுக்குள். எழவில்லை. "ஜின்ஃபாண்ணே, பத்தி எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள். "இப்பதான ஏத்துன?" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டாள். விட்டால் ஊதி ஊதி எரித்துவிடுவாள் போலிருந்தது. பட்டாணி கொடுக்கக் கூடாதா என்று நான் கேட்டேன். "சாமி சாப்பிடுற நேரத்துல அவளுக்கா?" என்று என்னை முறைத்தாள்.

பத்தி பாதி எரிந்திருக்கும். யாரும் எதுவும் செய்யவில்லை. கவுன்சிலரம்மா தானாக எழுந்து, வாலை ஒரு உதறு உதறி, கோழியை ஒரு தடவையும் மீனை ஒரு தடவையும் பார்த்துவிட்டு, சாமியைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னது. பிறகு நல்ல காலான வலது காலை மடக்கி இறகுக்குள் இழுத்துக்கொண்டது. முறிந்திருந்த இடது காலில் மட்டும் நின்றது. அலகை முதுகில் செருகிக் கண்ணை மூடியது. தூங்கிவிட்டது.

சியூலுவானின் கைகள் மெல்ல விலகின.

பத்தி எரிந்து முடிந்து கடைசிச் சாம்பலும் விழுந்தது. "ஆச்சும்மா, சாமி சாப்பிட்டாரு. எல்லாத்தையும் எடுத்துக்க" என்று ஜின்ஃபா கோழித்தட்டைப் பிடித்துத் தூக்கப் போனார். சியூலுவான் அவர் கையைத் தட்டிவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள். பையிலிருந்து இன்னொரு ஊதுபத்தியை எடுத்து, ஏற்றி, சத்தமில்லாமல் சாம்பலில் செருகினாள்.