மாமனார் முதுகில் ஐந்து அடி

எங்கள் தெருவில் பால் லாரி ஓட்டுகிறவன் வீபே. ஆறடி ஐந்து அங்குல உயரம். எங்கள் ஃப்ரீஸ்லாந்து வீடுகளின் தாழ்வான நிலைப்படிகளில் தலையை இடித்துக்கொண்டே வளர்ந்தவன் என்பதால் திறந்த வெளியில்கூட லேசாகக் குனிந்துதான் நடப்பான். டோக்கம் ஊருக்கு வடக்கே கடலணை வரைக்கும் உள்ள பண்ணைகளில் பால் எடுப்பது வேலை. குழாயைச் செருகுவதற்கு முன் பாலின் சூட்டைப் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், ஒரு குப்பியில் மாதிரி எடுக்க வேண்டும். பதினாறு வருடத்தில் இந்த மூன்றில் ஒன்றைக்கூட அவன் விட்டதில்லை.

"வீபே, நேத்து குடுத்த அதே மாடுதான்டா" என்பார்கள் பண்ணைக்காரர்கள்.

"அது மாட்டுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே" என்பான்.

இப்படிப்பட்டவனுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு பெண் பிறந்தது. பெயர் மாய்க்கே. வீபேயின் மனைவி ரென்ஸ்கே மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். புதன்கிழமை அவள் கடைக்குப் போவாள். வீபே லாரியை விட்டுவிட்டுக் குழந்தையோடு இருப்பான். குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த வாரத்தில், குழந்தைகள் நல நிலையத்துக்கு அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். அங்கே ஹில்லி என்று ஒரு செவிலி. ஊர்க் குழந்தைகளில் பாதிக்கு மேல் அவள் தராசில் ஏறி இறங்கியவை.

"தலை நல்லா நிக்குது. சாய்ஞ்சு விழாம உக்காருது. நீங்க சாப்பிடறப்ப வாயையே பாக்குதா?" என்று கேட்டாள் ஹில்லி.

"என் ரொட்டியைப் பாத்துக் கோபப்படுது."

"அப்ப ஆரம்பிச்சுடலாம். மசிச்சும் குடுங்க, தானே பிடிச்சுத் திங்கிற மாதிரி துண்டாவும் குடுங்க. வேக வெச்ச காய், கனிஞ்ச பேரிக்காய். ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு அழுத்தினா நசுங்கணும். துண்டு ஒரு விரல் அளவு இருந்தாப் போதும்."

"யாரோட விரல்?"

ஹில்லி அவன் கையைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலும் ஒரு முழு வெள்ளரிக்காய். "வீட்டம்மா விரல்னு வெச்சுக்குங்களேன்" என்றாள்.

அன்று மாலை ரென்ஸ்கேயின் ஆள்காட்டி விரலை அவன் அளவுகோல் வைத்து அளந்து தாளில் எழுதியதை நானே பார்த்தேன். நான் அடுத்த வீடு. இடையில் ஒரு செடிவேலிதான். விரல் அளவைவிடப் பெரிய சிக்கல் அழுத்திப் பார்ப்பதில் வந்தது. பால் லாரியின் குழாயைப் பதினாறு வருடம் திருகிய கை அது. அவன் அழுத்தினால் பச்சைக் கேரட்டும் நசுங்கும். அதனால் புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு வேலிக்கு மேலே அவன் தலை தெரியும்.

"கொஞ்சம் வந்து கேரட்டை அமுக்கிட்டுப் போறீங்களா?"

நான் போய் அமுக்குவேன். இன்னும் இரண்டு நிமிடம் வேகட்டும் என்பேன். வேக வைப்பான்.

மாய்க்கே எதையும் தின்னவில்லை. கேரட்டைக் காதில் வைத்துப் பார்த்தாள். ப்ரோக்கோலியால் தலை சீவிக்கொண்டாள். பேரிக்காயை மட்டும் ஒருநாள் வாயில் வைத்தாள். வைத்த வேகத்தில் முகம் சிவந்து, நாக்கை நீட்டி, க்ஹே என்று ஓங்கரித்து வெளியே தள்ளினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீபேதான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மறுநாளே ஹில்லிக்குத் தொலைபேசியில் பேசினான். அவள் பொறுமையாகச் சொன்னாள்: "ஓங்கரிச்சா பயப்படாதீங்க. சத்தம் வருதுன்னா அவளே தள்ளிக்கிறான்னு அர்த்தம். விரலை விட்டு நோண்டாதீங்க, உள்ள போயிடும். பக்கத்துலயே உக்காந்து பாருங்க. சத்தமே வராம, மூச்சும் விடாம முழிச்சான்னாத்தான் நீங்க கையை வைக்கணும்."

வீபே விடவில்லை. தீயணைப்பு நிலையத்தில் நடந்த முதலுதவி வகுப்பில் சேர்ந்து, ஒரு ரப்பர்ப் பொம்மையைக் குப்புறப் போட்டு முதுகில் ஐந்து அடி அடிக்கப் பழகினான். பெரியவர்களுக்கு எப்படி அடிப்பது என்றும் காட்டினார்களாம். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்தான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு அமைதி ஆகாமல் போயிற்று. சத்தம் இருந்தால் நல்லது, சத்தம் இல்லையென்றால் ஆபத்து என்று மண்டைக்குள் ஏறிவிட்டது. ஆனால் நாங்கள் ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு மணி நேரம் காபி குடித்துவிட்டு, வானிலை பற்றி ஒரு வாக்கியம் பேசிவிட்டு, நல்ல அரட்டை என்று எழுந்து போகிற ஊர்.

"ரென்ஸ்கே, எதாவது சொல்லு" என்பான் சாப்பாட்டு மேசையில்.

"நான் ரொட்டி தின்னுட்டு இருக்கேன்."

"அதான். சொல்லிட்டே தின்னு."

மாய்க்கேவுக்கு ஏழரை மாதம் இருக்கும்போது ரென்ஸ்கேயின் பிறந்தநாள் வந்தது. ஞாயிறு பிற்பகல். கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் போய், வீட்டில் எல்லோரையும் வாழ்த்துகிற எங்கள் ஊர் வழக்கப்படி, ரென்ஸ்கேக்கு வாழ்த்துச் சொல்லி, அவள் அம்மாவுக்கு, அப்பாவுக்கு, வீபேவுக்கு, கடைசியாகக் குழந்தைக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்தேன். காபியும் ஒரு துண்டு கேக்கும் வந்தது. பிறகு தட்டுகள் வந்தன. இரண்டு கிலோ திராட்சை, ஒவ்வொன்றும் நீளவாக்கில் நான்காகக் கீறியது. வழக்கமாகச் சதுரமாக வெட்டி வைக்கும் பாலாடைக்கட்டி, தீக்குச்சி தடிமனில். வேர்க்கடலைக் கிண்ணத்தைக் காணவே காணோம்.

ரென்ஸ்கேயின் அம்மா த்ரைன் ஒரு கால்திராட்சையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "இங்க யாருக்குப்பா பல்லு இல்ல?"

"முழுத் திராட்சை வீட்டுக்குள்ள வரக்கூடாது அத்தை. கீழ விழுந்து, அவ எடுத்து வாயில போட்டா?"

"அவளுக்குத் தவழவே தெரியாது."

"அடுத்த மாசம் தவழுவா."

"அப்ப அடுத்த மாசம் வெட்டு" என்றாள் த்ரைன்.

மாய்க்கே வட்டத்துக்குள் ஓர் உயர்நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முன்னால் வைத்த ப்ரோக்கோலியைப் பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு எதிரில் தாத்தா டவ்வே. கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்கி நாற்பது வருடம் கழித்தவர். படகு வந்தால் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். இடையில் பேச எதுவுமில்லை. சாதாரண நாளில் நான்கு வாக்கியம் பேசுவார். அன்று ஒன்றுகூடப் பேசவில்லை. நான் வாழ்த்துச் சொன்னபோதே தலையைத்தான் ஆட்டினார்.

வீபே இதைக் கவனித்துவிட்டான்.

"மாமா, கேக் எப்படி?"

டவ்வே தலையாட்டினார்.

"இன்னொரு காபி ஊத்தட்டுமா?"

வேண்டாம் என்று ஆட்டினார். அந்த நேரம் பார்த்து த்ரைன் அவர் பக்கம் திரும்பினாள். டவ்வேயின் கண் அகன்றது. உதடு இறுகியது. முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனது.

வீபே இரண்டே எட்டில் வட்டத்தைத் தாண்டினான். மாமனாரை நாற்காலியிலிருந்து எடுத்து, துவைத்த விரிப்பைக் கொடியில் போடுவதுபோல் இடது கைமேல் குனியப் போட்டு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடித்தான்.

"ஒண்ணு" என்றான் உரக்க. "ரெண்டு."

மூன்றாவது அடியில் டவ்வேயின் வாயிலிருந்து கறுப்பாக, பளபளப்பாக ஏதோ ஒன்று பறந்தது. அது வட்டத்தைக் குறுக்கே கடந்து த்ரைனின் காபிக் கோப்பைக்குள் விழுந்தது.

வகுப்பில் ஐந்து என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வீபே ஐந்தையும் முடித்தான். ஐந்தாவதில் டவ்வேயின் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் நழுவித் தரையில் கொட்டியது. எங்கள் ஊரில் எல்லோரும் சப்பும் கறுப்பு அதிமதுர மிட்டாய், உப்புப் போட்டது. அதுவும் இரட்டை உப்பு. இரத்தக் கொதிப்புக்கு ஆகாது என்று மருத்துவர் அதை நிறுத்தச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது.

த்ரைன் கரண்டியால் கோப்பைக்குள் துழாவி அதை வெளியே எடுத்தாள்.

"டவ்வே. இது என்ன?"

வீபேயின் கைமேல் தொங்கியபடியே டவ்வே அதை எட்டிப் பார்த்தார். "மாத்திரை" என்றார்.

"ரெண்டு வருஷமா இந்த மாத்திரையா?"

"தினமும் இல்ல."

அப்போது உயர்நாற்காலியிலிருந்து சத்தம் வந்தது. க்ஹே. எல்லோரும் திரும்பினோம். மாய்க்கேயின் முகம் சிவந்திருந்தது. நாக்கு வெளியே நீண்டிருந்தது. கையில் ப்ரோக்கோலியின் தண்டு மட்டும் மிச்சம், பூவைக் காணோம். வீபே மாமனாரைக் கைமேல் வைத்துக்கொண்டே பாய்ந்தான். நான் அவன் கம்பளிச்சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் வருது வீபே. சத்தம் வருது."

அவன் நின்றான். மாய்க்கே இன்னொரு தடவை ஓங்கரித்தாள். பச்சையாக ஒரு உருண்டை நாக்கின் நுனிக்கு வந்து, தட்டில் விழுந்தது. அதை உற்றுப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி வாயில் போட்டு, பல்லில்லாத ஈறால் நிதானமாக மென்றாள். விழுங்கினாள். அப்புறம் தண்டையும் கடிக்க ஆரம்பித்தாள்.

"தின்னுட்டா" என்றான் வீபே. "ரென்ஸ்கே, தானே தின்னுட்டா."

"சந்தோஷம். இப்ப என்னை எறக்கி விடு" என்றார் டவ்வே.

செவ்வாய்க்கிழமை வீபே நிலையத்துக்குப் போய் நடந்ததை ஒன்று விடாமல் ஹில்லியிடம் சொல்லியிருக்கிறான். அவள் தராசைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் அந்தப் பக்கமே திரும்பி நின்றாளாம். பிறகு சொன்னாள்: "பெரியவங்கள்ட்ட முதல்ல 'இருமுங்க'ன்னு சொல்லிப் பாக்கணும். இருமினா அடிக்கக் கூடாது. அடைச்சது வெளிய வந்துட்டா அதோட நிறுத்திடணும்." வீபே அதையும் எழுதிக்கொண்டான்.

டவ்வேயின் முதுகு இரண்டு வாரம் நீலமாக இருந்தது. த்ரைன் தைலம் தடவ மறுத்துவிட்டாள். வீட்டிலிருந்த மிட்டாய் எல்லாம், கடிகாரத்துக்குள் ஒளித்தது உட்பட, குப்பைக்குப் போயிற்று. வாய்க்கு வேலையில்லாத மனிதர் என்ன செய்வார்? புதன்கிழமை தோறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு மருமகன் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மாய்க்கேவுக்கு எதிரில் உட்கார்ந்து அவள் தின்பதையே தானும் தின்பார். காய் அமுக்கும் வேலையும் என்னிடமிருந்து அவருக்குப் போய்விட்டது.

ஒரு புதன்கிழமை நானும் போயிருந்தேன். வேகவைத்த பூக்கோசு. டவ்வே ஒரு துண்டை மென்றுவிட்டு மருமகனைப் பார்த்தார்.

"உப்பே இல்லையே."

"ஒரு வயசு முடியற வரைக்கும் உப்பு கிடையாது மாமா."

"எனக்கு அறுபத்தெட்டு."

"உங்களுக்கும் கிடையாது."

மாய்க்கே கடலைவெண்ணெய் மெல்லிசாகத் தடவிய ரொட்டித் துண்டு ஒன்றைப் பாதி சப்பிவிட்டு, மீதியைத் தாத்தாவை நோக்கி நீட்டினாள். அவர் குனிந்து வாயில் வாங்கிக்கொண்டார். பேசாமல் மென்றார். வீபே அடுப்படியிலிருந்து கழுத்தை நீட்டி அவரையே பார்த்தான்.

டவ்வே அவசரமாக இருமிக் காட்டினார்.