தாம்பரம் வெயிலில் 22.4 லிட்டர்

கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டு வெல்டிங் கேஸ் எடுக்கிற தொழிலில், கல்லை அதிகம் போட்டவனை ஊரே மோப்பம் பிடித்துவிடும். நைட் ஷிப்ட் முடிந்து பகலெல்லாம் தூக்கம் வராமல் புரளும் தோழர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

ஒரு மாதம்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு கேஸ் கம்பெனியில் கார்பைடு டிரம் உருட்டிக்கொண்டிருந்தேன். பத்தாவது ஃபெயில். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய பழைய பிளஸ் டூ வேதியியல் புத்தகம்தான் துணை. இத்தனை லிட்டர் கேஸுக்கு இத்தனை கல் என்று சொல்ல அதில் வழி இருந்தது: 64 கிராம் சுத்தமான கல்லுக்கு 22.4 லிட்டர். கல் போட்டுக் கேஸ் எடுக்கும் நைட் ஷிப்ட் ஆபரேட்டர் வேலையை விட்டுப் போனதும் அந்த இடத்தை நானே போய்க் கேட்டேன். முதலாளி ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு மாசம் பாரு. கேஸ் வீணாச்சுன்னா மறுபடி டிரம் உருட்டப் போயிடணும், சரியா?"

பூண்டு நாற்றம்

கல்லில் கலந்திருக்கும் மண்ணுக்கும் கணக்குப் பார்த்துத்தான் எடை போட்டேன். ஆனாலும் கேஸ் சேரும் தொட்டி நிரம்பி, பாதுகாப்பு வால்வு திறந்து, கேஸ் புஸ்ஸென்று வெளியே போனது. ஒருநாள் இல்லை, மூன்று நாள். கார்பைடு கேஸுக்கு அழுகின பூண்டு நாற்றம். விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேட்டில் நின்றார்.

"யோவ், இது இன்னா கம்பெனியா, ஊறுகா கடையா? என் புள்ளைங்க சோறே துன்ன மாட்டேங்குதுங்க!"

பி.எஸ்ஸி. பார்வை

எங்கள் கம்பெனி கெமிஸ்ட் டேனியல் சார் பி.எஸ்ஸி. படித்தவர், சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். நான் கல் கணக்கு எழுதிய நோட்டை இரண்டு தடவை புரட்டினார்.

"கணக்கு கரெக்டாத்தானே இருக்கு. உன் கைராசி அப்படிப்பா!"

பொடி எழுத்து

அன்று பகல் புத்தகத்தை மறுபடி பிரித்தேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 22.4 என்பது பூஜ்ஜியம் டிகிரியில். நம் ஊர் சித்திரையில் ராத்திரியும் முப்பது டிகிரி. அந்தச் சூட்டில் அதே கல்லின் கேஸ் 24.9 லிட்டராக உப்பும். அப்படியென்றால் பத்து கிலோ போட்ட இடத்தில் ஒன்பது போதும். அன்றைக்கு ராத்திரி ஒன்பதுதான் போட்டேன். தொட்டி சரியாக அளவுக்கோட்டில் வந்து நின்றது. வால்வு மூச்சே விடவில்லை. காலையில் முதலாளியிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் டேனியல் சார் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், தாம்பரத்துல எந்த மாசம் சார் ஜீரோ டிகிரி?"

ஆபரேட்டர் வேலை எனக்கே நிலைத்தது; அதன்பின் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அடியில் இருக்கும் பொடி எழுத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.