ஆரஞ்சுப் பொடியில் பச்சைக் காலடிகள்

பேய் இரவில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் நிம்மதியாகத் தூங்கட்டும். எனக்கு நடந்தது காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. நல்ல வெயில். ஆற்றின் இரு கரையிலும் லட்சம் பேர். அத்தனை பேர் கண்முன் நடந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஃபின்டன். சிகாகோவில் குழாய் வேலை செய்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் திருநாளுக்காக ஊர் நடுவே ஓடும் ஆற்றைப் பச்சையாக்கும் படகில், பதினெட்டு வருடமாக நானும் ஒருவன்.

அது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தூவும் பொடி பச்சை இல்லை. ஆரஞ்சு நிறம். மாவு சலிக்கும் சல்லடையில் போட்டுத் தட்டித் தட்டித் தூவுவோம். தண்ணீரைத் தொட்டவுடன் அது பச்சையாகிவிடும். பின்னால் ஒரு சிறு படகு குறுக்கும் நெடுக்குமாக ஓடி ஆற்றைக் கலக்கும். காற்றில் பறக்கும் பொடி எங்கள் படகின் தளத்திலும் மெல்லிய படலமாகப் படியும். தளம் காய்ந்திருக்கும்வரை அது ஆரஞ்சாகவே கிடக்கும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் அந்த இடம் மட்டும் பச்சை. அதனால் ஈரம் எங்கே பட்டது என்பதை அந்தப் பொடி அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

கரையில் நிற்கும் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. காலை ஒன்பதுக்கே பச்சைச் சாயம் போட்ட பீர். பிளாஸ்டிக் தொப்பி, ஒட்டுத் தாடி. அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். தெருவோரம் வாந்தி எடுக்க இவர்களுக்கு ஒரு மகான் வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒன்று அந்த வருடம் என் படகிலேயே ஏறியது. என் மனைவி நோரீனின் தம்பி டெக்லன். வழக்கமாக வருபவருக்கு முதுகுப் பிடிப்பு, அவருக்குப் பதிலாக இவன். கிழிந்த சாக்குச் சட்டை, இடுப்பில் கயிறு, கன்னத்தில் கரி, வெறுங்கால். கழுத்தில் ஓர் அட்டை: "கப்பலில் வந்தேன். பசிக்கிறது. பீர் கொடுங்கள்."

அயர்லாந்தில் வந்த பெரும் பஞ்சத்துக்குத் தப்பி அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள் எங்கள் முன்னோர். வழியில் செத்தவர்களைக் கடலில் போட்டார்கள். இவன் குடும்பத்திலும் அப்படிப் போனவர்கள் உண்டு. இவனுக்கு அது மாறுவேடம்.

"என்னடா கோலம் இது?"

"டிவில வரணும்ல மச்சான்! சும்மா பச்சச் சட்ட போட்டா எவன் பாப்பான்?"

"மிதவைச் சட்டய மாட்டு."

"மாட்டுனா வேஷம் கெட்டுடும். பஞ்சத்துல அடிபட்டவனுக்கு ஏது மிதவைச் சட்ட?" தொப்பை குலுங்கச் சிரித்தான்.

படகை ஓட்டும் மலக்கி திரும்பாமலே சொன்னார். "தம்பி, செத்தவங்கள வச்சு வெளயாடாத. அதுவும் தண்ணி மேல."

"பயப்படாத பெருசு. செத்தவங்களுக்கு இந்தப் படகுல எடமில்ல."

கிளம்பும் முன் நோரீன் போன் செய்தாள். "அடுத்த மாசம் அவனுக்குக் கொழந்த பொறக்கப் போகுது. முட்டாப் பயதான். ஆனா முழுசாக் கொண்டாந்து சேத்துடு. இல்லேன்னா நீயும் வராத."

பத்து மணிக்குத் தூவ ஆரம்பித்தோம்.

10:06. தளத்தில் ஒரு பச்சைக் காலடி. ஐந்து விரல்களும் தெளிவாக.

"ஈரக் காலோட நடக்காதடா!"

"நான் நின்ன எடத்த விட்டு அசையவே இல்ல மச்சான்." காலைத் தூக்கிக் காட்டினான். பாதம் முழுக்க ஆரஞ்சு. காய்ந்திருந்தது.

10:08. இப்போது நான்கு காலடிகள். படகின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வந்திருந்தன. அதில் இரண்டு என் உள்ளங்கையை விடச் சிறியவை.

கசிவு தேடுவதுதான் என் பிழைப்பு. மேலே பார்த்தேன், குழாய் எதுவும் இல்லை. ஆற்றுத் தண்ணீர் தெறித்திருக்குமோ? தெறித்தால் பொட்டுப் பொட்டாக விழும். விரல்களோடு விழாது.

10:10. சளக்... சளக்...

என் கண்ணெதிரே ஒரு காலடி விழுந்தது. காற்றில் யாரும் இல்லை. தளத்தில் மட்டும்... அடுத்த காலடி. அதற்கடுத்தது.

டெக்லன் பின்விளிம்பில் அட்டையைத் தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான். கரை ஊளையிட்டது.

10:11. அவனைச் சுற்றிலும் காலடிகள். இருபது... முப்பது... எல்லாம் அவனைப் பார்த்து.

குட்டிக் கால்களில் விரல்கள் மட்டும் பதிந்திருந்தன. எக்கி நிற்பதுபோல. அட்டையைப் படிக்க...

"டெக்லன். இங்க வாடா. மெதுவா."

"யாரு மச்சான் இடிக்கிறது?"

அவன் பின்னால் யாருமில்லை.

"டேய், வாடா!"

"தள்ளாதீங்கய்யா..."

10:12.

அவன் இல்லை.

தண்ணீரில் விழுந்த சத்தம்கூட... இல்லை.

மலக்கி எஞ்சினை நிறுத்தினார். கொக்கிக் கம்பை ஆற்றில் விட்டுத் துழாவினேன். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினேன். நாற்பதில் கம்பு சாக்குச் சட்டையில் மாட்டியது. இருவரும் இழுத்துப் போட்டோம். முடி பச்சை, நகம் பச்சை, உடம்பெல்லாம் பச்சை. மூச்சு இல்லை. நெஞ்சை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். நோரீனின் முகம்தான் கண்ணில் நின்றது. கரையில் இதையும் வேடிக்கை என்று நினைத்துக் கை தட்டினார்கள், அற்பப் பதர்கள்.

கடைசியில் இருமினான். வாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியது. மூச்சு வந்தது.

மதியம் ஒன்றரைக்கு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நோரீன் என் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா ஒரு தாளோடு வந்தார்.

"பொழச்சுட்டார். ஒண்ணு கேக்கணும். நெஜமா ஆத்துலதான் விழுந்தாரா?"

"நான்தாங்க தூக்கினேன். தலமுடியப் பாத்தீங்கள்ல?"

"பாத்தேன். ஆனா நுரையீரல்லேருந்து எடுத்த தண்ணில ஒரு சொட்டுப் பச்ச இல்ல. அதான் சோதனைக்கு அனுப்புனேன்." தாளை என்னிடம் நீட்டினார். "இது உப்புத் தண்ணி சார். கடல் தண்ணி."

எங்கள் ஆறு நன்னீர். பக்கத்தில் இருக்கும் ஏரியும் நன்னீர். சிகாகோவிலிருந்து கடலுக்குக் குறைந்தது எழுநூறு மைல்.

டெக்லன் தண்ணீருக்குள் இருந்தது நாற்பது நொடி.