கூழைக்கடாவுக்கு வத்தம்

என் மகன் போனில் பார்த்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கியிருக்கிறான். வட்டப் பலகை. அதில் பறவைப் படங்கள், பழைய புத்தகத்தில் வரைந்த மாதிரி. பலகை முழுக்க டீ கொட்டிக் காய்ந்தது போல ஒரு மஞ்சள். துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஈரத் துணியால் தேய்த்தேன். மருமகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அத்தை, அது அழுக்கு இல்ல. பழசு மாதிரி செஞ்சிருக்காங்க. அதுக்குதான் வெலையே."

புதுப் பொருளைப் பழசாக்க ஒரு ஆள், அதைக் காசு கொடுத்து வாங்க ஒரு ஆள். இந்த வீட்டில் பழசுக்கு என்ன குறைச்சல்? நான் ஒருத்தி போதாதா? வாய்விட்டுச் சொன்னால் மருமகள் சிரிப்பாள், மகன் முறைப்பான். எதுக்கு வம்பு.

அது டிக் டிக் என்று கூடச் சொல்வதில்லை. ஊமை. ஆனால் அதில் ஒரு கூழைக்கடா இருக்கிறது. தாடைக்குக் கீழே பை தொங்குகிறது. அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. ஏன் என்று கேட்டான் மகன். அவனிடம் சொல்ல நேரம் ஆகும். உங்களிடம் சொல்கிறேன்.

நான் பிறந்த குப்பம் பழவேற்காட்டு ஏரிக்குள், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கம். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு ஒரு படகு. மழைக்காலம் முடிந்தால் மெட்ராஸிலிருந்து ஒரு ஐயா பறவை பார்க்க வருவார். தொப்பி, பைனாகுலர், வேர்க்கடலைப் பொட்டலம். கடலையை அவர் தின்றதை விட நான் தின்றதுதான் அதிகம். பூநாரைக் கூட்டத்துக்குக் கிட்டே கொண்டுபோய் நிறுத்துவதில் நைனா கைதேர்ந்தவர். துடுப்புச் சத்தமே கேட்காது. ஒரு வருஷம் அந்த ஐயா சந்தோஷமாகி ஒரு கடிகாரம் கொடுத்தார். அதில் எண்ணே கிடையாது. ஒவ்வொரு எண் இருக்கவேண்டிய இடத்திலும் ஒரு பறவை. உச்சியில் பூநாரை. அடியில், ஆறு இருக்கும் இடத்தில், கூழைக்கடா. அதற்கு அடுத்து, ஏழில், நீர்க்காகம். ஐந்தில் இருந்தது எந்த நாட்டுக் குருவியோ, எங்களில் யாரும் பார்த்ததில்லை. அதற்கு ஐயா குருவி என்று நைனா பெயர் வைத்தார்.

வரும்போதே படகில் கண்ணாடி உடைந்துவிட்டது. எல்லாப் பேஜாரும் அதனால்தான். கண்ணாடி இருந்திருந்தால் யாரும் முள்ளைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு எண் தெரியாது. பறவை தெரியும். ஒரு வாரத்தில் வீட்டில் எல்லாமே பறவைதான். முள் மீன்கொத்திக்கு வந்தால் சோறு, கொக்குக்கு வந்தால் விளக்கு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு என்று சொல்லாமல் உள்ளான் என்று சொல்லி அடி வாங்கினேன். சீக்கிரமே பள்ளிக்கூடத்தை விட்டேன், அதனால் பெரிய நஷ்டம் இல்லை.

இதோடு நின்றிருந்தால் சரி. அம்மா நிற்கவில்லை.

எங்கள் பெண்கள் கையால் இறால் தடவுவார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் தவழ்ந்துபோய், சேற்றைத் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் போடவேண்டும். அதற்குத் தண்ணீர் வடியவேண்டும். அந்த வடிகிற நேரத்தைத்தான் வத்தம் என்போம். வத்தம் தினமும் ஒரே நேரத்தில் வராது. நாளுக்கு நாள் தள்ளித் தள்ளிப் போகும். இன்றைக்கு எப்போ, நாளைக்கு எப்போ என்று பெண்கள் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவளுக்குச் சலித்துவிட்டது. ஒருநாள் சொல்லிவிட்டாள்:

"என்னிக்கும் கூழைக்கடாவுக்கு வந்துருங்கடி. நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து காலையில் கரைக்குப் போவாள். நட்டு வைத்த கழியில் ஈரம் எதுவரை ஏறி இருக்கிறது என்று பார்ப்பாள். வந்து, சிறிய முள் வத்தத்தின்போது கூழைக்கடாவுக்கு வருகிற மாதிரி, விரலால் தள்ளி வைப்பாள். பெண்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு நாளும் தப்பியதில்லை. தண்ணீர் மாறும், கடிகாரமும் மாறும், கூழைக்கடா மட்டும் மாறாது.

நைனாவுக்கு இது ஆகவில்லை. கடிகார மணி பார்த்து வருகிறவர்களுக்குப் படகு ஓட்டுகிறவர் அவர். மறுநாள் சவாரி இருந்தால், சாயங்காலம் ரேடியோவில் செய்தி சொல்லும்போது முள்ளைச் சரி செய்வார். காலையில் அம்மா திரும்பத் தள்ளுவாள்.

"இன்னாமே இது, கடிகாரமா, தண்ணித் தொட்டியா?"

"உன் ஐயா வந்து எறா தடவுவாராய்யா? போய் வேலயப் பாரு."

இப்படியே வருஷக்கணக்கில். எனக்கு வயது வந்த பிறகும் நேரம் கேட்டால் இரண்டு பதில் வரும். நான் எரிந்து விழுவேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவார்கள். அதில் மட்டும் ஒற்றுமை.

அப்போதுதான் ஹைவே பக்கம் ஆரம்பாக்கம் போகும் வழியில் ஒரு இறால் கம்பெனி வந்தது. தோல் உரிக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். நிழலில் வேலை. மாதச் சம்பளம். வேனே வந்து கூட்டிப்போகும். சிப்பி கிழித்து என் கால் ஆறாமல் கிடந்த சமயம். சேற்றில் ஊறி ஊறி விரல் நகம் எல்லாம் கறுத்துவிட்டது. எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்கு முன் நான் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. முதல் நாள் வேனில் ஏறுகிறவர்களுக்குத்தான் இடம் என்று சொல்லிவிட்டார்கள். வேன் நீர்க்காகத்துக்கு ரோட்டு முனைக்கு வரும். பக்கத்து வீட்டு தனம் திருப்பாலைவனத்தில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கேயே வேன் ஏறுவதாகப் பேச்சு.

முந்தின நாள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். நாளைக்கு ஒருநாள் எனக்குச் சரியான மணி வேண்டும். அம்மா தலையாட்டினாள். நைனா தலையாட்டினார். அந்த வாரம் வத்தம் கூழைக்கடாவுக்கு முன்னாலேயே வந்துகொண்டிருந்ததால், அம்மா முள்ளை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். ஆக, பின்னால் இழுத்தால் சரியான மணி.

காலையில் எழுந்து பார்த்தேன். முள் ஐயா குருவி மேல் இருந்தது. நேரம் கிடக்கிறது. நிதானமாகத் தலை வாரினேன். கஞ்சி குடித்தேன். பூ கூட வைத்துக்கொண்டேன், இறாலுக்குத் தோல் உரிக்கப் போகிறவள். ரோட்டு முனைக்குப் போனால் யாரும் இல்லை. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார். வேன் அப்பவே போச்சேம்மா என்றார்.

திரும்பி வந்தேன். நைனா வலையை உதறிக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் இருந்தாள். பூவைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள்.

"நேத்து செய்தி கேட்டு நான்தான் சரியா இழுத்து வெச்சேனே," என்றார் நைனா.

அம்மா அவரைப் பார்த்தாள். "நானும் காலைல இழுத்து வெச்சேனே. நீ தொட்டது எனக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். எனக்காக நைனா ஒருமுறை பின்னால் இழுத்தார். எனக்காக அம்மா இன்னொருமுறை பின்னால் இழுத்தாள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. யாரைத் திட்டுவது சொல்லுங்கள். கெடுத்தவர்கள் என்றால் சண்டை போடலாம். இவர்களை என்ன செய்வது?

மத்தியானம் கரைக்குப் போய் வந்த அம்மா சொன்னாள்:

"சரி. பறிய எடு. தண்ணி வடியுது."

எடுத்தேன்.

தனத்துக்கு இடம் கிடைத்தது. அடுத்த வாரம் பார்த்தபோது, வரலைன்னா முன்னாடியே சொல்லக்கூடாதாடி, உன் சீட்டுல காட்டூர்ப் பொண்ணு ஒருத்தி ஏறிட்டா என்றாள். கடிகாரக் கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை அறைந்திருப்பேன், கையில் பறி இருந்தது. அவள் விரல்களும் ஐஸில் வெந்து வெளுத்துப் போனது வேறு விஷயம். ஆனால் அவை நிழலில் வெளுத்தன.

வேன் போன அன்றைக்குச் சாயங்காலம் செய்தி கேட்டு நைனா முள்ளைச் சரி செய்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. நைனா கூட. கடிகாரம் சரியாக ஓடியது. யாரும் அதைப் பார்க்கவும் இல்லை. பெண்கள் நேராகக் கரைக்கே போய்த் தண்ணீரைப் பார்த்தார்கள். உப்புக் காற்றில் முள் துருப்பிடித்து ஒருநாள் நின்றது. எந்தப் பறவையில் நின்றது என்று கேட்காதீர்கள், கவனிக்கவில்லை. நைனா போனார். அம்மா அதற்கப்புறம் கொஞ்ச நாள் இருந்தாள். கம்பெனியையும் மூடிவிட்டார்கள், அந்தக் கொட்டகையில் இப்போது லாரி நிற்கிறது.

நான் முதுகு வளையும் வரை இறால் தடவினேன். தண்ணீர் சொன்ன நேரத்துக்குப் போனேன், தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தேன். அது தப்பாமல் வரும் என்பது ஒன்றுதான் எனக்கு அதில் பிடித்தது.

இப்போது முகத்துவாரம் மணல் மூடிக்கிடக்கிறது. மிஷின் வைத்துத் தோண்டுகிறார்கள். தோண்டின கையோடு மூடிக்கொள்கிறது. கடல் உள்ளே வருவதில்லை, ஏரி வெளியே போவதில்லை. போன மாதம் குப்பத்துக்குப் போய்க் கரையில் நின்றேன். காலையில் பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன். தண்ணீர் அதே இடத்தில் கிடந்தது. அங்கே இருந்த ஒரு பெண்ணிடம் வத்தம் எப்போ என்று கேட்டேன்.

"வத்தமா? அப்டின்னா இன்னா, ஆயா?" என்றாள்.