கட்லெட் பறித்த பறவை

வேதவசனம் சொல்லி ஆறுதல்படுத்த வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் கிறிஸ்தவன்தான், இருந்தும் பிடிக்காது. அந்தப் பெண்ணையும் முதலில் பிடிக்கவில்லை.

சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் மதியம் உட்கார்ந்திருப்பார். கணவரின் தொளதொள ஜாக்கெட்டைப் போட்டிருப்பார். அந்தக் கணவரும் என் மனைவியும் ஒரே வார்டில் கிடந்தார்கள். எதைப் பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு பைபிள் ஞாபகம் வந்துவிடும்.

அன்று நீள மூக்கு ஐபிஸ் பறவை ஒன்று குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தது.

"பாருங்கோ அண்ணை, விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை. ஆண்டவர் அதுக்கும் சாப்பாடு குடுக்கிறார்."

"அது குப்பையைத் தின்னுது. என் பொண்டாட்டிக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கல. அவளுக்கு ஏன் குடுக்கல உங்க ஆண்டவர்?" என்று கத்தினேன்.

அவர் முகம் வாடியது. "தெரியேல்லை அண்ணை. இவருக்கும் இறங்கேல்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அதற்குள் அந்தப் பறவை வந்து அவர் கையிலிருந்த கட்லெட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. நான் செருப்பைக் கழற்றினேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"விடுங்கோ அண்ணை. குடுக்கிறது அவர்தான். ஆனா என்ரை கட்லெட்டை எடுத்தெல்லோ குடுக்கிறார்!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி படுத்த பிறகு அன்றுதான் சிரித்தேன். என் தயிர்சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து நீட்டினேன்.

மனைவி தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவர் கணவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் அதே பெஞ்சில் உட்கார்ந்து, பாதிச் சோற்றை மூடியில் எடுத்து வைக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த வெட்கங்கெட்ட பறவைகள்தான் வந்து தின்கின்றன.